பதினேழு ஓட்டைகளையும் நானே அடைத்தேன்

அறிவிலும் அழகிலும் தாய்மாமனைக் கொண்டு பிறந்த என் அக்கா மகளுக்கு, உன் ஒரே மாமன் (மற்ற இரண்டு பேரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை) எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல், மேலதிகாரி தொல்லை எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இடதுகைக் கட்டைவிரலைத் தவிர எல்லோரும் சுகம். கட்டைவிரல் விவரம் கீழே வரும்.

நீ போனில் சொன்ன காரியம் முடிந்தது. "மாமா, அப்பாவோட படகைக் கொஞ்சம் துடைச்சு, ஓட்டை கீட்டை இருந்தா அடைச்சு வைங்க, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வாங்குறதுக்கு ஒருத்தர் வர்றார்" என்றாய். துடைக்க மட்டும் என்றால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? என்னிடம் வந்த பொருள் வந்தபடியே திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. உன் வீட்டு மின்விசிறியை நான் சரிசெய்து கொடுத்தது ஞாபகம் இருக்கும். இன்றைக்கும் அதற்குக் கீழே உட்கார ஆள் கிடையாது, அவ்வளவு வேகம். படகை விற்கச் சொன்னது உன் அப்பாவேதான், அதையும் நான் மறுக்கவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கு அத்தான் கட்டிலில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, "இனிமே எனக்கு எதுக்குப் படகு, வித்துடுங்க" என்றார். அப்புறம் மூன்று மாதமாக அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடக்காமல் கிடந்தால் கால் மடங்காமல் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் காலையில் வந்து, "அஞ்சு அடி சார், அஞ்சே அஞ்சு அடி" என்று கெஞ்சும். இவர் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். நடிப்பு சுமார்தான். நானாக இருந்தால் குறட்டையும் சேர்த்திருப்பேன்.

சரி, படகுக்கு வருகிறேன். அது பின்கொல்லைக் கொட்டகையில், உன் அப்பா கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு நேர் எதிரே கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டடி அலுமினியம். ஒரே ஆளாக, ஒரு மூச்சில் புரட்டிப் போட்டேன் (பக்கத்து வீட்டுத் தபால்காரரும் அவர் தம்பியும் கை வைத்தார்கள், மனசு நோகக்கூடாதே என்று விட்டுவிட்டேன்). ஓட்டை பார்ப்பதில் நான் கண்டுபிடித்த முறை ஒன்று இருக்கிறது. படகைத் தண்ணீரில் விடக்கூடாது, தண்ணீரைப் படகில் விட வேண்டும். மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, அடியில் மல்லாந்து படுத்து, சொட்டுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் நிற்கவே இல்லை. பார்த்தால், பின்பக்கம் அடியோரமாக விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பெரிய ஓட்டை, அச்சில் வார்த்த மாதிரி வட்டமாக. இவ்வளவு பெரிய ஓட்டையோடு அத்தான் இத்தனை வருஷம் எப்படி மூழ்காமல் வீடு வந்து சேர்ந்தார் என்று நினைத்து எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் சங்கிலியில் ஒரு பித்தளைத் திருகுமூடி தொங்கியது. அழகுக்கு மாட்டியது என்று கழற்றி, சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஓட்டைமேல் தகடு வைத்து நாலு ரிவெட் அடித்து, சுற்றிலும் பசை பூசி, யானை வந்து மிதித்தாலும் அசையாதபடி அடைத்தேன். கட்டைவிரல் போனது அப்போதுதான். அதற்கப்புறம் நிரப்பினேன், பதினாறு சின்ன ஓட்டை கண்டேன், வட்டம் போட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. தண்ணீரை வெளியே விட வேண்டும் என்று வந்தபோதுதான் சின்னதாக ஒரு யோசனை தட்டியது.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல். "டேய்! வடிகாலையாடா அடைச்ச?"

திரும்பிப் பார்த்தால், சுவர்ப் பக்கம் கிடந்த மனுஷன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்! "பாதுகாப்புக்குத்தான் அத்தான்" என்றேன். "என்னடா பாதுகாப்பு? மழை பெஞ்சு உள்ள தேங்குனா, கரைக்கு ஏத்துனதும் அந்த வழியாத்தான வடியணும்? இப்ப எந்த வழியா வடியும், உன் வாய் வழியாவா?" என்றார். மூன்று மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எப்படியும் தண்ணி நிக்குதில்ல, வீணாக்குவானேன்" என்று இரண்டு போர்வையைக் கொண்டுவந்து சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துவிட்டாள். "என் படகுல போர்வையாடீ!" என்று ஜன்னலில் ஒரே சத்தம். "வித்துடச் சொன்ன படகுதான, உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று அவள் கேட்டதும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் படுக்கவில்லை.

சின்ன ஓட்டை பதினாறையும் அடைத்து முடித்தேன். அடுத்தது வண்ணம். நல்ல சிவப்பு, அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கண்ணைப் பறிக்கும். ஒரே நாளில் இரண்டு பூச்சு அடித்தேன். தொழில் தெரிந்த பெயின்டருக்கு இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலை ஓரத்தில் நகம் பட்டது, அவ்வளவுதான், பாம்புச் சட்டை மாதிரி ஒரு முழம் நீளத்துக்கு உரிந்து கையோடு வந்துவிட்டது. வெயில் அப்படி. நான் அதைத் திரும்ப ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் டக், டக் என்று சத்தம். அக்கா துண்டு காயப்போட்டு வைத்திருந்த வாக்கரைத் துண்டோடு பிடித்துக்கொண்டு அத்தான் நிற்கிறார். "அலுமினியத்துல நேரா பெயின்ட் அடிச்சா நிக்குமாடா? மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், அதுக்குன்னு இருக்கிற அடிப்பூச்சு அடிக்கணும், அப்புறந்தான் கலர். அந்தத் தாளை இப்படிக் குடு" என்றார். பின்னாலேயே ஓடிவந்த பயிற்சிப் பெண் கட்டிலிலிருந்து வாசல்வரை அடியை எண்ணிப் பார்த்துவிட்டு, பதினாலு என்று நோட்டில் எழுதிக்கொண்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், நாளைக்கும் எதையாவது இதே மாதிரி தப்பாப் பண்ணி வைங்க" என்றது. பாவம், படகு வேலை நுணுக்கம் அந்தப் பெண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது. நான் பெரிதுபடுத்தவில்லை.

இனி முக்கியமான சமாச்சாரம், உட்காரும் இடம். எல்லோரும் குறுக்குப் பலகையில் குத்துக்காலிட்டு மீன் பிடிக்கிறார்கள். நான் சலூன்காரரிடமிருந்து ஒரு பழைய சுழல்நாற்காலியை வாங்கி வந்து (மனுஷன் என் பேச்சில் மயங்கிச் சும்மாவே கொடுத்துவிட்டார்) படகின் நடுவில் பொருத்தினேன். சுற்றும், ஏறும், இறங்கும், கால் நீட்டத் தனி மிதி. மீன் எந்தப் பக்கம் கடித்தாலும் ராஜா மாதிரி திரும்பிப் பார்க்கலாம். அத்தான் இந்த முறை வாசலில் நிற்கவில்லை. கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"என்னடா இது, மீனுக்கு முடி வெட்டப் போறியா?"

"வசதி அத்தான், வசதி."

"வசதியா? இவ்வளவு உசரத்துல, இவ்வளவு கனத்தை வச்சா ஒரு அலைக்குத் தாங்காது, குப்புறக் கவுத்துரும்."

"கீழ நின்னு யாரும் சொல்லலாம். ஏறி உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாக்கரைத் தள்ளி வைத்தார். என் தலையை அப்படியே ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் போட்டார், அப்புறம் மற்றதைத் தூக்கினார். அந்தக் கால், மருமகளே, மடங்கியது. வலியில் என் தலைமுடி கொத்தாக அவர் கையோடு போயிற்று, ஆனால் கால் மடங்கியது. உன் அம்மா அடுப்படி ஜன்னலில் நின்றபடி கரண்டியைக் கீழே போட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தப்பு. முழுக்கத் தப்பு. ஸ்பேனரை எடு" என்றார்.

அதிலிருந்து ஒரு வாரம் கொட்டகையில்தான் அவருக்கு டீ. நாற்காலியின் அடிப்பாகம் போய்விட்டது, இருக்கை மட்டும் பலகையோடு தாழ்வாக நிற்கிறது. கால்மிதி இருக்கிறது. ஏறும்போது பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு கைப்பிடி. வடிகாலைத் திறந்து, மூடியைச் சாவிக்கொத்திலிருந்து மீட்டாயிற்று. எல்லாம் என் மேற்பார்வைதான். அத்தான் சும்மா ஸ்பேனர், உப்புத்தாள், தூரிகை, ரிவெட் இவற்றை மட்டும் பார்த்துக்கொண்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவரைத் தாராளமாகக் கூட்டி வா. அவருக்கும் இடது முழங்கால் சரியில்லை என்றால் அதிர்ஷ்டசாலி, அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, வாடகை வீட்டுக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வந்து, நீயும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ வேண்டும் என்று இரண்டு கையாலும், கட்டுப்போட்ட விரலாலும் ஆசீர்வதிக்கும்,

உன் மாமன்.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொல்லி உன் அப்பாவிடம் நீட்டினேன். கடைசிவரை படித்தார். "நான் சொல்றதை ஒரு எழுத்து மாத்தாம எழுது" என்றார். எழுதுகிறேன்: "ஓட்டை மொத்தம் பதினொண்ணு. மீதி ஆறு இவன் ரிவெட் அடிக்கிறேன்னு டிரில்லால போட்டது. படகைப் புரட்டுனது தபால்காரரும் தம்பியும், இவன் பக்கத்துல நின்னு ஒண்ணு ரெண்டு மூணு சொன்னான். சலூன்காரர் நாற்காலியைச் சும்மா குடுக்கல, இவன் போனாப் போதும்னு குடுத்தார். வாங்க வர்றவர்கிட்ட படகு விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லிடும்மா. நீ வந்தா முன்னால உக்காரலாம், இவனைக் கரையில விட்டுட்டுப் போவோம்."

இதில் ஒரு வார்த்தையையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றுக்கு நானே சாட்சி. இந்தக் கடிதம் நாலு பக்கம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். நாலு பக்கத்தையும் நின்றுகொண்டேதான் படித்தார்.