சலவை ஃபோர்மேனின் அரை மீசை

தும்மினால்கூடச் சட்டை கசங்காத மனிதர் மதுரை ஜில்லாவில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பஸ் கம்பெனி ஃபோர்மேன்தான். 'சலவை' என்போம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததோ என்னவோ! எண்ணெய் வழியும் ஷெட்டில் நாளுக்கு மூன்று சட்டை மாற்றுவார். மீசையை முறுக்கிக்கொண்டு அவர் நுழைந்தால், ஒழுகுகிற எஞ்சின்கூட ஒழுகுவதை நிறுத்தும் என்று டிரைவர்கள் நாங்கள் நம்பினோம்.

யுத்த காலம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததால், பஸ்ஸின் முதுகில் ஆளுயர அடுப்பை மாட்டிக் கரிப்புகையில் ஓட்டச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்க மதராஸிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். சனிக்கிழமை பரீட்சை, தேறாதவனுக்கு வேலையில்லை என்றார் முதலாளி. என் வீட்டில் கைக்குழந்தை வேறு. ஆனாலும் வீம்பு விடுமா? பாடம் கேட்காமல் சுவரோரம் நின்று வெற்றிலை மென்றோம்.

"நாம என்ன அடுப்பூதவா வந்தோம், மாப்ள?" என்றார் எங்களில் மூத்த டிரைவர் மாயாண்டி அண்ணன்.

மறுநாள் சலவை வந்து வாத்தியார் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் இது தெரியாது சார். எம்பேரையும் பரீட்சைக்கு எழுதிக்கங்க."

வெள்ளைச் சட்டையோடு கரியை அள்ளிப் போட்டார். பற்றவைத்தார். அவசரத்தில் மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். குபீரென்று ஒரு ஜ்வாலை! வலப்பக்க மீசை போயே போய்விட்டது.

எங்களுக்குச் சிரிக்கப் பயம். அவரே சிரித்துவிட்டார். "எழுதுங்க சார், மொத ஃபெயிலு நாந்தான்."

மிச்சத்தையாவது மழித்திருக்கலாம். மாட்டேன் என்றுவிட்டார்.

"இருக்கட்டும்டா. இதப் பாத்தா எவனுக்காச்சும் மூடியத் தொறக்கத் தோணுமா?"

சனிக்கிழமை வரை அந்த அரை மீசையோடு எங்களுடன் கரி அள்ளினார். அதன்பிறகு எவன் சுவரோரம் நிற்பான்? "ஐயா, கீழ்க்கதவு சரியாச் சாத்தல" என்று நானே அவரைத் திருத்தினேன் என்றால் பாருங்களேன்! அவரைத் திருத்தித் திருத்தியே எனக்குப் பாடம் ஏறிவிட்டது.

பரீட்சையன்று என் முறை வந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்கு அடுத்த ஆள் அவர்.

"அம்புட்டும் ஒனக்குத் தெரியும்டா. போ, பின்னால நான் நிக்கிறேன்ல?"

எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. என் வேலை தங்கியது. அவரும் தேறினார்.

பிறகு எத்தனையோ மேலதிகாரிகள் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். எனக்கு அடுத்ததாகத் தானும் எழுத வரிசையில் நின்றவர் அந்த மகராசன் ஒருவர்தான்.