கட்டாயம் வரச் சொன்னதால் வந்த வினை

அன்புத் தங்கை வின்னிக்கு,

உன் அண்ணன் டெஸ்மண்ட் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரால்ஃபும் அவருடைய இடுப்புவலியும் அவரவர் நிலையில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கடல், மழை, நான் மூவரும் வழக்கம்போல.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். குளிர்காலம் முடியும்வரை தங்குவேன். பின்னறையில் ரால்ஃப் பரப்பி வைத்திருக்கும் பொம்மை ரயிலை எடுத்துவிடச் சொல். பதறாதே, காரணத்தைக் கேள்.

காரணத்தின் பெயர் வில்லெமீன். ஹாலந்துக்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், மகள் இந்த ஊரில் இருப்பதால் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர். வந்த அன்று மரியாதைக்காக வேலியோரம் போய், "ஒருநாள் நீங்க கட்டாயம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்" என்று சொல்லிவைத்தேன். "ஆஹா, கட்டாயம்!" என்று பதில் சொல்லிவிட்டு ஆயுள் முழுக்க வராமல் இருப்பதுதான் முறை என்பது இந்த நாட்டில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து டைரியை எடுத்து, "எந்த நாள்? எத்தனை மணிக்கு?" என்றார். நான் வியாழன் என்று உளறிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் மறந்தும் போனேன். வியாழக்கிழமை, பொத்தல் செருப்போடு டப்பா பீன்ஸைச் சூடுபண்ணிக்கொண்டு நிற்கிறேன், வாசலில் மணி அடிக்கிறது. வாட்டின ரொட்டிமேல் பீன்ஸை ஊற்றி ஆளுக்குப் பாதி வைத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "இது நல்லாவே இல்ல. அடுத்த வியாழன் நான் சூப் கொண்டு வர்றேன்" என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து ஒரு வியாழன் தப்பவில்லை, பட்டாணி சூப்.

இத்தனைக்கும் நான் யார்? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தே நரைத்தவன். 'மஸ்ட்' என்றால் செய்தே ஆகணும், 'ஷுட்' என்றால் செய்வது நல்லது, 'மைட்' என்றால் உன் இஷ்டம் என்று கரும்பலகையில் ஏணிப்படி போட்டுக் காட்டியவன். வகுப்பை விட்டு வெளியே வந்தால் அந்த ஏணி தலைகீழாக நிற்கும் என்பதை மட்டும் ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. என்னைப் போல எவனோ ஒரு வாத்தியார் சொன்னதை இந்த அம்மாள் அப்படியே நம்பிவிட்டார். வினை விதைத்தவன் வினை அறுக்கிறேன், வேறென்ன.

எங்கள் தெருச் சங்கத்துத் தலைவி திருமதி கார்ஸ்டேர்ஸை உனக்குத் தெரியுமே, சிரித்துக்கொண்டே ஆளைப் புதைக்கிறவர். அவர் ஒருநாள், நானும் பக்கத்தில் நிற்க, வில்லெமீனிடம், "உங்களுக்கு எப்பவாவது நேரம் கிடைச்சு, மனசும் இருந்தா, அந்த வேலிச்செடியைக் கொஞ்சம் பார்க்கலாமோன்னு தோணுது" என்றார். அந்தத் தொனியில் அவர் சொன்னால் நாங்களெல்லாம் அன்று மாலைக்குள் செடியை மொட்டையடித்துவிடுவோம். இவர் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, "பார்த்துட்டேன். அழகா இருக்கு" என்றார். திருமதி கார்ஸ்டேர்ஸின் சிரிப்பு கலைந்ததை அன்றுதான் கண்டேன். கிளம்பும் அவசரத்தில் அவர் வாய்தவறி, "நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் எங்க வீட்டுக்கு வரணும்" என்று சொல்லித் தொலைத்தார். விதி பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சூப் பானையோடு போய் மணியை அடித்துவிட்டார் வில்லெமீன். கதவு திறந்தது. தலையில் முடி சுருட்டும் உருளைகள், உடம்பில் இரவு அங்கி. "ஐயோ, எவ்வளவு சந்தோஷம்!" என்று அலறினார் திருமதி கார்ஸ்டேர்ஸ். இப்போது எங்கள் தெருவில் யாரும் யாரையும் கட்டாயம் வரச்சொல்வதில்லை, என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

வியாழனை நிறுத்திவிட நானும் நம் முறைப்படி எவ்வளவோ பார்த்தேன். "வாராவாரம் வர்றது உங்களுக்குச் சிரமமா இருக்குமோ" என்றால் "இல்லையே" என்கிறார். "எனக்காக இவ்வளவு செய்யணும்னு ஒண்ணும் இல்லீங்க" என்றேன் போன வாரம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும். செஞ்சே ஆகணும்னு இருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன்" என்றார். நான் இன்னொரு கரண்டி சூப் ஊற்றிக்கொண்டேன். உன் அண்ணி ஜீன் போனபிறகு இந்த மேஜையின் எதிர்ப்புறத்தில் ஆள் உட்கார்ந்து பழக்கமே இல்லை, வின்னி. பயமாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அடுப்புமேடை மேலிருந்த உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அவர் கண்ணில் பட்டது. 'அண்ணா, நீ கட்டாயம் வந்து எங்களோடு தங்கணும்.' வருஷம் தவறாமல் நீ எழுதுகிறாய், 'கட்டாயம் வருகிறேன்' என்று நானும் எழுதுகிறேன். "தங்கச்சி இவ்வளவு ஆசையா கூப்பிடுது. ஏன் போகல நீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? ஆகவே, நீ கூப்பிட்டாய், நான் வருகிறேன். பெட்டி இரண்டும் கட்டியாகிவிட்டது.

ரால்ஃபின் இடுப்பு குணமாகட்டும். உன் ரோஜாக்களுக்குப் பூச்சி வராதிருக்கட்டும். எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
டெஸ்மண்ட் பில்லிங்

பி.கு.: தபாலில் போடப் புறப்பட்ட நேரத்தில் வில்லெமீன் வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டார். "எங்க கிளம்பிட்டீங்க?" "தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு." "போயே ஆகணும்னு யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லைதான். "போகணும்னு ஆசையா இருக்கா?" "இல்ல." "அப்பப் போகாதீங்க. நீங்க போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்." அவ்வளவுதான். ஒரு 'லாமோ' இல்லை, ஒரு 'தோணுது' இல்லை. இந்த வயதில் ஒருவர் என்னைப் போகாதே என்று சொன்னார், வின்னி. பெட்டியை அவிழ்த்துவிட்டேன். ரயில் அதன் இடத்திலேயே ஓடட்டும். நீ பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது.

நீங்கள் இருவரும் ஒருநாள் கட்டாயம் இங்கே வரவேண்டும். இதை எழுதும்போது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, எந்த நாள் என்று கேட்கிறார். வியாழன், ஆறு மணி. சூப் இருக்கும்.