தோசைக்கல்லில் ஏறிய செம்பு

மஸ்கட்டில் இருக்கும் மகன் சைஃபுக்கு, மந்தைவெளியிலிருந்து அப்பா மெஹபூப் பாஷா அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். எனக்குக் கையெழுத்தே வராது என்பது உனக்குத் தெரியும்; நான் சொல்லச் சொல்ல எழுதுவது கீழ்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி. போனில் பேசினால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது பார்.

செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாய்? "இஃப்ரா சாமான் மேல இன்னொரு தபா கை வெச்சீங்க, ஆம்பூருக்கு அக்கா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றாய். நடந்ததை முழுசாகக் கேள், அப்புறம் அனுப்பு.

மூடிப்போன செப்புச் சுரங்கங்களில் கசிகிற அமிலத் தண்ணீரைப் பிடித்து, அதில் கரைந்திருக்கும் உலோகத்தைத் திரும்ப எடுப்பதுதான் தரமணியில் உன் பெண்டாட்டி இஃப்ராவின் ஆராய்ச்சி. இது இன்றைக்கு எனக்குத் தெரியும், போன சனிக்கிழமை தெரியாது. பால்கனியில் ஒரு டிரம், உள்ளே பழுப்புத் தண்ணீர். மேலே ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு எழுதி ஒட்டி என்ன பிரயோஜனம்? விரலை விட்டு நாக்கில் வைத்தேன், புளித்தது. பழுப்பு, புளிப்பு, பக்கத்திலேயே பாத்திரம் தேய்க்கிற நார். புளி கரைத்து வைத்திருக்கிறாள் என்று நினைக்காதவன் யார்? மாமி மூன்று மாதம் பெங்களூரில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் தோசைக்கல் முழுக்கத் துரு, "பாய், இத ஏதாவது பண்ணுங்கோ" என்று கொடுத்திருந்தார், நான் அதை டிரம்முக்குள் முக்கிவிட்டுத் தொழப் போனேன். மறக்கவில்லை, நான் எதை மறந்திருக்கிறேன்? ஊறட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு காலையில் எடுத்தால் கல் செக்கச்செவேல். துரு இல்லைடா, செம்பு! புதுப்பேட்டையில் நாற்பது வருஷம் பழைய இரும்புக் காயலாங்கடை வைத்தவன், எண்பத்தைந்து மழையில் கரண்டு போன கடைக்குள் தடவிப் பார்த்தே செம்பு வேறு பித்தளை வேறாகப் பிரித்தவன், எனக்கா தெரியாது? "இஃப்ரா, ஒன் புளித்தண்ணி இரும்பைச் செம்பாக்குதும்மா!" என்று கத்தினேன். ஓடி வந்து பார்த்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, வியாழக்கிழமை பெரிய ஆளுங்க முன்னாடி இந்தத் தண்ணியிலேர்ந்து செம்பு எடுத்துக் காட்டணும். இருந்ததே ஒரு டிரம். செம்பெல்லாம் கல்லுல ஏறிடுச்சே!"

சரி, கல்லையே கொண்டு போ என்றால் மாமி விடவில்லை. "முப்பது வருஷமாப் பழக்கின கல்லு. தனியா அனுப்ப மாட்டேன், நானும் வரேன்." வியாழக்கிழமை மூன்று பேரும் பறக்கும் ரயிலில் போனோம், டிரம்மில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் ஒரு கேனில், கல் என் மடியில். எதிரே உட்கார்ந்திருந்தவன், "இன்னா பாய், தரமணில டிபன் கடையா?" என்றான். மாமி, "வாங்கோ, சட்னியும் உண்டு" என்றார்.

அங்கே ராஜரத்தினம் என்கிற பெரியவர் கல்லைச் சுரண்டிச் சோதித்தார். "நல்ல செம்புதான். ஆனா இரும்பைப் போட்டுச் செம்பு எடுக்கிறது பழைய முறையாச்சேம்மா." இஃப்ரா அசரவில்லை. "பழசுதான் சார். ஆனா செம்பு போயிட்டதால, மிச்சத் தண்ணியில துத்தநாகத்தைத் தனியாப் பிரிக்கிறது சுலபம். அதுதான் என் வேலை." அந்தக் கேன் தண்ணீரிலேயே பிரித்தும் காட்டினாள். அடுத்த கட்டத்துக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. பழைய இரும்பு பொறுக்கித் தர விவரமான ஆள் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆகவே ஆம்பூர் வேண்டாம். இனி கேட்காமல் அடுத்தவர் பொருளைத் தொடமாட்டேன், இது சத்தியம். கீழே நிற்கிற உன் பழைய பைக்கின் தார்ப்பாய்கூடப் பத்திரமாக இருக்கிறது. அல்லாஹ் உன்னை நல்லபடி வைக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு)

பின்குறிப்பு: சைஃப், இது பாய்க்குத் தெரியாம நான் எழுதறது. தார்ப்பாய் பத்திரம்தான். உள்ளே சைலன்ஸர் இல்லை. புது டிரம் நேத்து வந்தது, காலம்பற அதுல முக்கிட்டார். நன்னா செவந்திருக்கு. இஃப்ராவைக் கோச்சுக்காதே, அவ கழட்டி மட்டும்தான் கொடுத்தா. ஸ்பேனர் எங்காத்துது. — ஜெயலக்ஷ்மி மாமி