அக்கா வீட்டுக்கு லைஃப் கோச்சாகப் போனேன்

முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். எழுத்துப் பிழைகளையும் அதோடு சேர்த்து மன்னித்துவிட்டால் நல்லது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில், சாக்கு மூட்டைகளின் மேல், பிரஷ்ஷால். மணப்பாறை, புதுக்கோட்டை, காரைக்குடி என்று ஊர்ப் பெயர்கள்தான். அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் லாரி டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தாலே தெரிகிற அளவில் இருக்கும். (ஒரு பக்கத்தில் பத்து வரிக்கு மேல் அடங்காது. நோட்டு வாங்கிக் கொடுத்தே என் மகள் அலுத்துப்போனாள்.)

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் வாங்கிய தேங்காய் அழுகலாக இருந்தால் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அடுத்த தடவை கடையை மாற்றிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் லைஃப் கோச்சாக இருந்தேன். உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். எனக்கே இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

என் மகள் நித்யா பி.காம். முடித்துவிட்டு, போனிலேயே லைஃப் கோச் ஆவதற்கு ஒரு கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் திணறிப்போனவர்களிடம் பேசி அவர்களை நேராக்கும் வேலையாம். அதில் முக்கியமான பாடம் எம்பதி. அடுத்தவர் மனசில் இருப்பதை நம் மனசில் வாங்கிக்கொள்வது என்று எனக்கு விளக்கினாள்.

"அது உங்களுக்குப் பொறப்புலயே இருக்குப்பா" என்றாள். "மண்டியில எல்லாரும் உங்ககிட்டதானே வந்து மனசுவிட்டுப் பேசுறாங்க?"

அது உண்மைதான். லாரி டிரைவர் தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பார், லோடுமேன் தன் தம்பி பேச மாட்டேன் என்கிறான் என்பார். என் கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டும். "அண்ணே, நீங்க ஒருத்தர்தாண்ணே எனக்காக அழுவுறீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் அழுகல் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் கவனிப்பதில்லை. நானும் சொன்னதில்லை. (கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?)

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்கா விஜயாவும் மச்சானும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் மகள் கவிதாவைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்தது அது. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கையில் எடுத்ததும், மச்சான் தமாஷ் என்று நினைத்து, "காபி கொஞ்சம் தண்ணியா இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டார். அக்கா சும்மா இருப்பாளா? "இவர் ரிட்டையர் ஆன கண்டக்டருங்க. இப்பவும் தூக்கத்துல 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்துவாரு. அதுவும் பழகிடும்" என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கார் கிளம்பியதில் இருந்து இவர்களுக்குள் பேச்சில்லை.

கவிதாவுக்குச் சென்னையில் வேலை. வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாததால் அக்கா ஃபிரிட்ஜிடமும் மச்சான் டிவியிடமும் பேசி வந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாக நின்று தாம்பூலத் தட்டைச் சேர்த்துப் பிடித்துச் சம்பந்தியிடம் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு அதை எப்படிக் கொடுப்பது? கவிதா எனக்குப் போன் பண்ணி அழுதாள். "மாமா, மாப்பிள்ளையோட அம்மா என்கிட்ட கேட்டுட்டாங்க. உங்க வீட்ல அப்பாவும் அம்மாவும் பேசிக்க மாட்டாங்களான்னு. நிச்சயத்துல எல்லாரும் பாத்துடுவாங்க மாமா."

நித்யா போய்ப் பேசினால் எடுபடாது. அவளை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவர்கள் அவர்கள். "நேத்துப் பொறந்தவ எனக்குப் புத்தி சொல்றா பாரு" என்பாள் அக்கா. ஆகையால் நான் போவதென்று முடிவானது. முடிவு பண்ணியது நித்யா.

எனக்குப் பயிற்சி நடந்தது. புத்தி சொல்லக் கூடாது. நம் கதையை நடுவில் நுழைக்கக் கூடாது. அவர்கள் எப்படி உட்காருகிறார்களோ அப்படியே உட்கார வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்கள் சொன்னதை அப்படியே அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நம்மள ஒருத்தர் கேக்குறார்னு தெரிஞ்சாலே பாதி கோபம் எறங்கிடும்பா" என்றாள். எனக்கு இது பிடித்திருந்தது. சொந்தமாகப் பேசத்தான் எனக்கு வராது. திருப்பிச் சொல்வதில் என்ன கஷ்டம்?

அன்று மண்டியில் லோடு தாமதமாகி, குளிக்க நேரமில்லாமல், தோளில் கிடந்த துண்டோடு அப்படியே பஸ் ஏறினேன். இந்தத் துண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் கண்டக்டரிடம் ஒத்திகை பார்த்தேன்.

"சில்லறை இல்லையா? காலையிலேருந்து எல்லாரும் நோட்டாவே நீட்டுறீங்க."

"எல்லாரும் நோட்டாவே நீட்டுறது உங்களுக்கு வருத்தமா இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமாங்க, அழுகையா வருது. சில்லறைய எடுங்க."

காவிரிப் பாலம் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வீட்டில் மச்சான் ஹாலில் நாற்காலியில் இருந்தார். முழங்கால் வலிக்காக ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து இன்னொரு ஸ்டூலை இழுத்து ஒரு காலை நீட்டினேன். அவர் கையைக் கட்டினார். நானும் கட்டினேன். அவர் மூக்கைச் சொறிந்தார். நான் யோசித்தேன், ஆனாலும் சொறிந்தேன்.

"என்ன மாப்ள, நக்கலா?"

"நக்கல் பண்றேன்னு உங்களுக்குத் தோணுது மச்சான்."

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா சமையலறை வாசலுக்கு வந்தாள். "வாடா தம்பி. காபி குடிக்கிறியா? இங்க சில பேருக்கு நான் போடுற காபி எறங்காது."

"சில பேருக்கு நீ போடுற காபி எறங்கலைன்னு உனக்கு வருத்தம்" என்றேன்.

மச்சான் டிவியைப் பார்த்தபடியே, "மாப்ள, நல்லா இல்லைன்னு நான் சொல்லல, தண்ணியா இருக்கும்னுதான் சொன்னேன். அதைச் சொல்லு" என்றார்.

"நல்லா இல்லைன்னு சொல்லலியாம். தண்ணியா இருக்கும்னுதான் சொன்னாராம்."

அக்காவின் முகம் மாறியது. மச்சானும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது. இத்தனை நாளாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்த இடத்துக்கு ஓர் ஆள் தானாக பஸ் பிடித்து வந்திருக்கிறான்.

அப்புறம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கொல்லிமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி மச்சான் அக்காவைப் பக்கத்திலேயே இருக்கும் ஜீயபுரத்தில் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனது வந்தது. அக்கா மச்சானின் யூனிஃபார்ம் சட்டையைக் கரித்துணி ஆக்கியது வந்தது. யாருடைய அம்மா யாருடைய அம்மாவைப் பந்தியில் கவனிக்கவில்லை என்பது வந்தது. ஒரு வார்த்தை விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்தேன். அக்கா குரலை உயர்த்தினால் நானும் உயர்த்தினேன். (எம்பதி.) இதற்கு முன்னால் ஃபிரிட்ஜிடம் சொன்னதில் பாதி, டிவி சத்தத்தில் காணாமல் போயிருக்கும். இப்போது என் புண்ணியத்தில் எல்லாமே முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் அக்கா சொன்னாள். "நிச்சயத்தன்னிக்கு அவரே ஒத்தையா நின்னு தட்டைக் குடுக்கட்டும். நான் வரல. சொல்லு."

மச்சான் டிவியை அணைத்தார். பிறகு, "அப்ப நிச்சயமே வேணாம்னு சொல்லிடு" என்றார்.

அதை மட்டும் என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. கவிதா போனில் அழுத குரல் காதில் கேட்டது. நித்யா சொல்லிக்கொடுத்ததில் இதற்கு என்ன வழி என்று யோசித்தேன், வரவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தேன்.

காலையில் இருந்து அழுகல் வெங்காயம் துடைத்த துண்டு அது. இரண்டு கண்ணிலும் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் கொட்டியது. எரிச்சலில் மறுபடியும் அதே துண்டால் துடைத்தேன். (கண்ணெரிகிறவனுக்கு அறிவு வேலை செய்யாது.) மூக்கு ஒழுகியது, தோள் குலுங்கியது. வெங்காயம் என்று சொல்ல வாயைத் திறந்தால் விக்கல்தான் வந்தது.

"டேய், என்னடா ஆச்சு?" அக்கா ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

அவ்வளவு நேரம் பழகிய வாய். "வீட்ல... ஏதாவது... பிரச்சனை..." என்றேன்.

"செல்வி ஏதாவது சொன்னாளா?"

"செல்வி... ஏதாவது... சொன்னா..." (செல்வி என் மனைவி.)

"அடிச்சாளா?"

இதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது எனக்கே தெரிந்தது. ஆகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அது சொன்னதைவிட மோசமாகப் போய்விட்டது.

அக்கா நிமிர்ந்தாள். "என்னங்க, பாத்தீங்களா? என் தம்பி வாயத் தொறந்து சொல்லக்கூட முடியாம நிக்கிறான்."

மச்சான் ஸ்டூலில் இருந்து காலை எடுத்தார். "நான் அப்பவே நெனச்சேன் விஜயா. வந்ததுலேருந்தே இவன் ஒரு மாதிரியா இருந்தான். நான் மூக்கைச் சொறிஞ்சா இவனும் சொறியுறான். நீ சேலையை மாத்து, நான் வண்டிய எடுக்குறேன்."

"இப்படியே வரேன் வாங்க. ஹெல்மெட்ட எடுத்துக்குங்க."

"உன் கண்ணாடி?"

"பையில இருக்கு."

குழாயடியில் நான் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் தெரிந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அக்கா மறந்து வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். கவிதா.

"மாமா, என்ன ஆச்சு? பேசினாங்களா?"

"பேசினாங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிருக்காங்க."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு."

"எதுக்கு?"

"உங்க அத்தையக் கண்டிக்க."

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றாள்.

என் வீடு வரகனேரியில். அங்கே நடந்ததை நித்யா பிறகு சொன்னாள். செல்வி மாவு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் போய் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

"செல்வி, அவன் வாயில்லாப் பூச்சி. அவனைப் போட்டு இப்படிப் பண்ணலாமா?" என்றாளாம் அக்கா.

"நான் என்ன அண்ணி பண்ணேன்?"

"நீயே யோசிச்சுப் பாரும்மா" என்றாராம் மச்சான், குரலைத் தாழ்த்தி. "குடும்பம்னா ஒருத்தரையொருத்தர் அனுசரிச்சுத்தான் போவணும். இப்ப எங்களையே எடுத்துக்கோ."

செல்வி வெகுநேரம் யோசித்திருக்கிறாள். "வெங்காயத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு காலையில ஒரு சத்தம் போட்டேன் அண்ணே. வேற ஒண்ணும் சொல்லலியே."

"ஒரு துண்டுக்காகவா என் தம்பி அந்த அழுகை அழுதான்?" என்றாளாம் அக்கா. (யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை.)

அவர்கள் திரும்பி வந்தபோது வண்டி தெருமுனையில் இருக்கும்போதே இரண்டு பேர் குரலும் எனக்குக் கேட்டது. பாலம் முழுக்க என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்களாம். அக்கா காபி போட்டுக் கொடுத்தாள். மச்சான் குடித்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். துண்டு விஷயத்தை நான் மெதுவாக எடுத்தேன். "அவளைக் காப்பாத்தப் பாக்குறான் பாருங்க" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனேன். நித்யா வாசலிலேயே நின்றாள். உள்ளே இருந்து செல்வியின் குரல் வந்தது. "நித்யா, உங்க அப்பாவுக்குச் சோறு போடலாமா, இல்ல அவங்க அக்கா வீட்லயே அழுதுகிட்டே சாப்பிட்டாச்சான்னு கேளு."

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. அக்காவும் மச்சானும் தட்டைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். போட்டோவில் அது தெளிவாகத் தெரியும். அதே போட்டோவில் இடது ஓரத்தில் நான், வலது ஓரத்தில் செல்வி. மாப்பிள்ளையின் அம்மா அதையும் விடவில்லை. "உங்க தம்பியும் அவர் சம்சாரமும் பேசிக்க மாட்டாங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். "சின்னப் பிரச்சனைதாங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிச் சரி பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார் மச்சான்.

செல்வியிடம் பாடத்தில் இருந்த எதையும் நான் செய்து பார்க்கவில்லை. துணிச்சல் இல்லை. ஒருநாள் சாம்பாருக்கு அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பழக்க தோஷத்தில் நான் கையைக் கண்ணுக்குக் கொண்டு போனேன்.

"கையை எடுங்க" என்று நேராக என்னிடமே சொன்னாள். சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். என் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைத்தான் அன்னிக்கு அங்க போய்க் காட்டிட்டு வந்தீங்களா?"

நித்யா இப்போது நிஜமான கோச். நான்கு பேர் அவளிடம் வந்து நன்றாக ஆகியிருக்கிறார்கள். என் உதவியை அவள் கேட்பதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தாலும், "அடங்குறீங்களா, இல்ல கோச்சைக் கூப்பிடவா?" என்பார்கள். விசேஷ வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால், மச்சான் எங்கிருந்தாவது ஒரு முழு வெங்காயம் கொண்டுவந்து என் இலை ஓரத்தில் வைப்பார். பரிமாறுகிறவர் விழிப்பார். அக்கா எதிர் வரிசையில் இருந்து, "அவனுக்கு அது பழக்கம்தாங்க" என்பாள்.

கவிதாவுக்கு வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. மைக் வைக்கிறார்களாம். கதையை மச்சான் சொல்லப்போகிறாராம். அதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். செல்வி படித்துப் பார்த்தாள். எழுத்துப் பிழை நிறைய இருக்கிறது, விஷயத்தில் பிழை ஒன்றுதான் என்றாள். அன்று காலையில் அவள் சத்தம் போடவில்லையாம், சொன்னாளாம். துண்டு இப்போது வாசல் கொடியில்தான் காய்கிறது.

ஐப்பசி மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.