வளைவில் பதில் சொன்ன ஹாரன்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பேருந்தின் முன்கண்ணாடி வழியே முதலில் தெரிந்தது ஒரு கொண்டை ஊசி வளைவு. அதில் ஒரு வண்டியும் இல்லை. ஓட்டுநர் மாரியண்ணன் வழக்கம்போல் ஹாரன் அடித்தார். வளைவுக்குக் கீழே இருந்து இன்னொரு பேருந்தின் ஹாரன் பதில் சொன்னது. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மாரியண்ணன் ஓரங்கட்டி நிறுத்தினார்.

முன் இருக்கையில் இருந்த எனக்குப் புல்லரித்தது. கீழே பேருந்து ஏதும் இல்லை. அந்த ஹாரன் என்னுடையது.

கணினி இசையில் முனைவர் பட்டத்துக்காக நான் செய்துகொண்டிருந்த வேலை, கொல்லிமலைப் பேருந்தின் ஹாரனை உண்டாக்குவது. பதிவுசெய்து போடுவதல்ல. குழலுக்குள் காற்று எப்படி அதிர்கிறது, பாறையில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி, ஒலியைக் கணினியே புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். ("ஆரன் வேணும்னா நாமக்கல்லுல கடையிலயே கெடைக்குமே சாமி" என்றார் அப்பா.)

சென்னையில் இருந்த என் பேராசிரியர் அதை ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். "குளியலறைக்குள்ள பஸ் வந்த மாதிரி இருக்கு" என்றார் முதல் முறை. வெறுமனே ஒலித்தால் போதாது, எதிரில் வருவதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்றார் இரண்டாம் முறை. அன்று வளைவுக்கே வந்து கேட்கச் சம்மதித்திருந்தார். பிடித்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கையெழுத்து. பிடிக்காவிட்டால் இன்னொரு வருடம்.

விடிந்ததும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மேல்நோக்கி ஒன்றும் கீழ்நோக்கி ஒன்றுமாக ஒலிபெருக்கிகளையும், எதிர் ஹாரனைக் கேட்க ஒலிவாங்கிகளையும் கட்டி, மடிக்கணினியை இயக்கிவிட்டு, சேலை மாற்றிக்கொள்ள மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி இறங்கியது இந்தப் பேருந்தில். அணைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றவில்லை. (முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு இப்படிப்பட்டவை தோன்றுவதில்லை.)

மாரியண்ணன், "வா" என்பதுபோல் சின்னதாக அடித்தார். என் ஹாரனும் சின்னதாக அடித்தது. பெருமை தாங்காமல் பக்கத்து இருக்கை அக்காவின் மடியிலிருந்த பலாப்பழத்தைத் தட்டிக்கொடுத்தேன்.

"பதிலச் சொல்றான், ஆளு வரமாட்டேங்கறானே!" என்றார் மாரியண்ணன்.

"புது டிரைவராட்ட இருக்குதுங்ணா. பயப்படறான்" என்றார் நடத்துநர்.

"சரி, பாவம். மெதுவா வரட்டும்." மாரியண்ணன் தைரியம் கொடுக்க நீளமாக அடித்தார். நீளமான பதில் வந்தது. பின்னால் வந்து நின்ற லாரியும் அடித்தது. கணினி அதற்கும் தனியாகப் பதில் சொன்னது.

"கீழ ரெண்டு வண்டி நிக்குதுங்ணா!"

"நான் பழத்த ராசிபுரம் கொண்டு போறதா, இங்கயே அறுத்துக் குடுத்தர்றதா?" என்றார் அக்கா.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் மனதுக்குள் ஆய்வேட்டின் முடிவுரையை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழே மெல்லிய கார் ஹாரன் கேட்டது. பேராசிரியரின் வாடகைக் கார். கணினி அதற்கும் பேருந்தாகவே பதில் சொல்ல, சமவெளியிலிருந்து வந்த கார் ஓட்டுநர் பயந்து நிறுத்திவிட்டார். மேலே ஒரு பேருந்து, கீழே ஒரு கார், நடுவில் இல்லாத பேருந்துகள். எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் காத்திருந்தோம்.

"அண்ணா, நீங்க போங்க. கீழ பஸ்ஸு எதுவும் இல்லீங்ணா."

"ஆரன் கேக்குதே கண்ணு?"

"அது பஸ்ஸு இல்லீங்ணா. நானுங்க."

பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. இறங்கி ஓடினேன். மாரியண்ணனும் பின்னாலேயே வந்தார். வளைவில் பேராசிரியர் மூச்சு வாங்க நடந்து ஏறிக்கொண்டிருந்தார்.

"உன் டெமோவை அப்புறம் பார்க்கலாம்மா. மேலே ஏதோ பஸ் நகராம ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. முதல்ல அது போகட்டும்."

"சார், அதுதான் டெமோ."

அவர் கை மெல்லச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. அதற்குள் மாரியண்ணன் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ளைக்கு ஆரன் அடிக்கத்தான் படிப்புச் சொல்லித் தர்றீங்களா?"

பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. "நிஜ பஸ்ஸுக்கும் இதுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"சத்தத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றார் மாரியண்ணன். நான் நிமிர்ந்து நின்றேன். "ஆனா இந்த மலையில எவனுங்க இத்தன வாட்டி மருவாதையாப் பதில் சொல்லுவான்? மூணாவதுக்கே எங்கப்பன இழுத்துப் பேசியிருப்பான்."

பாதி வெளியே வந்த பேனா மறுபடி பைக்குள் போனது. "அவர் சொல்றது சரி. அதுக்குக் கோபப்படக் கத்துக்குடு. அப்புறம் வா."

அடுத்த வருடம் முழுவதும் ஒரு ஹாரனுக்குப் பொறுமை இழக்கச் சொல்லிக்கொடுத்தேன். சலிப்பு எப்படி, எரிச்சல் எப்படி, சண்டை எப்படி என்று மாரியண்ணன் அடித்துக் காட்டினார். (பயணிகள் திருத்தம் சொன்னார்கள்.) நான் எதற்காவது நிதானமாகப் பதில் சொன்னால், "ஆளா, மெசினா?" என்று அம்மா இன்றும் கேட்கிறார். கல்யாணமான மறுவாரமே என் கணவரும் இந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டார்.

ஆய்வேடு ஏற்கப்பட்டது. அதில் மிக நீளமான அத்தியாயம் கோபத்தைப் பற்றியது.