சரித்திர வாத்தியாரின் சொர்க்க வகுப்பு

இனி அந்தச் சந்தைக்கடைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதில்லை என்று சரித்திர வாத்தியார் சபதம் எடுத்தபோது அவர் வாயில் பிரஷ் இருந்தது. அதனால் அவர் மனைவிக்கு, அதாவது அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கு, ஒரு எழுத்தும் புரியவில்லை.

"கொப்பளிச்சுட்டுச் சொல்லுங்க."

கொப்பளித்துவிட்டுச் சொன்னார். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. வகுப்புக்குப் பன்னிரண்டே பிள்ளைகள். குளுகுளு அறை. சாக்பீஸ் தூள் கிடையாது. ஈ பறந்தால்கூடக் கேட்கும் அமைதி. அவர் கனவில் கண்ட வகுப்பேதான்.

"இங்க அறுபது பேர். நான் போரை ஆரம்பிக்கறதுக்குள்ள கடைசி பெஞ்சுல போர் நடந்து சமாதானமே ஆயிடுது."

"நீங்க நடத்தினா எல்லாமே போர்தானே. தாராளமாப் போங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட சொல்லிட்டீங்களா?"

இங்கேதான் இடித்தது. வருடக்கணக்காகப் படையெடுப்புகளைப் பற்றி முழங்கியவருக்குத் தலைமை ஆசிரியையின் அறை வாசலைத் தாண்ட மட்டும் தைரியம் கிடையாது.

"நீயே சொல்லிடேன்மா, வேலையை விட்டுட்டார்னு."

"நான் பாத்துக்கறேன்," என்று கொண்டையை முடிந்தபடி உள்ளே போய்விட்டாள் டீச்சர்.

திங்கட்கிழமை வாத்தியார் சொர்க்கத்தில் கால் வைத்தார். பன்னிரண்டு பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள், அதோடு சரி. தோற்ற ராஜா கிரீடத்தையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடிய கதையை ஓடியே காட்டினார். அறுபது பேர் வயிற்றைப் புண்ணாக்கிய கதை அது. இங்கே ஒரு பல்கூட வெளியே வரவில்லை. முன்வரிசைப் பெண் கை தூக்கினாள்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

"வராதும்மா."

பன்னிரண்டு பேனாக்களும் மூடிக்கொண்டன.

மறுநாள் ஒருவன் டேப்லெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க சொன்ன வருஷம் தப்பு," என்றான். பார்த்தால், தப்புதான். எத்தனையோ வருடமாகத் தப்பு! அறுபது பேரில் ஒருத்தனாவது கண்டுபிடித்திருப்பானா? எவ்வளவு தங்கமான பிள்ளைகள்!

வியாழக்கிழமை அந்த அமைதியில் அவர் வயிறு கடமுடாவென்றது. பன்னிரண்டு பேருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வரும்போதே முடிவு செய்துவிட்டார். விழுந்தது விழுந்தாயிற்று, மீசையில் மண் ஒட்டக்கூடாது.

"ஏம்மா, நீ தனியா பஸ்ல போய் வர்றது எனக்கு மனசே கேக்கல. உனக்காக அந்த வேலையை விட்டுடறேன்."

"எனக்காகவா? வேண்டவே வேண்டாங்க. இப்பதான் எனக்கு ஜன்னலோரம் சீட்டு கிடைக்குது."

"ஜன்னலோரத்தை நீயே வெச்சுக்க."

"உங்க கனவை நான் கெடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

"யார் சொல்லப் போறா? நான் தியாகம் பண்றேன்மா!"

"அவ்வளவு பெரிய தியாகத்தைத் தாங்க எனக்குச் சக்தி இல்லை. நீங்க அங்கயே இருங்க."

"தாயே! அங்க ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்கறான்!"

"இப்ப வந்தீங்க வழிக்கு."

வாத்தியார் நாற்காலியில் சரிந்தார். "வந்து என்ன பண்ண? பழைய வேலையும் போச்சே."

"எங்க போச்சு? வேலையை விட்டுட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. ஒரு வாரம் உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லியிருக்கேன். கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன், வெள்ளிக்கிழமைன்னு விடை வந்துச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு அவரே பாத்திரம் கழுவினார், பாடிக்கொண்டே கழுவினார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தார். அறுபது பேரும் "சார்ர்ர்!" என்று கத்தினார்கள். ஒரு காகித ராக்கெட் காதை உரசிக்கொண்டு போனது. ஆகா, என்ன இரைச்சல்! மனம் குளிர்ந்து, நாற்காலியில் உட்காரப் போனார். வகுப்பு திடீரென்று அடங்கியது. வகுப்புத் தலைவி நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணை ஒன்றோடு வந்து அதை நாற்காலியில் பதமாக வைத்தாள்.

"எதுக்கும்மா இது?"

"கணக்கு டீச்சர் எல்லாம் சொன்னாங்க சார். உங்களுக்கு மூலமாமே!"

அறுபது முகங்களிலும் அவ்வளவு கவலை. இல்லை என்று சொன்னால், ஒரு வாரம் எங்கே போயிருந்தார் என்ற சரித்திரம் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் போகும்.

வாத்தியார் முகத்தைச் சுளித்து, "அம்மாடி" என்று ஒரு முனகலோடு மெல்ல உட்கார்ந்தார்.