நீல ஐசி வாங்குன வடிவம்மா

தேயிலை மலையில மனுசங்க ரெண்டு வகை. நீல ஐசி, அதான் அடையாளக் கார்டு, வச்சிருக்கறவன் ஒருத்தன், செவப்பு ஐசி வச்சிருக்கறவன் இன்னொருத்தன். நீலம்னா நீ இந்த நாட்டு ஆளு. செவப்புன்னா, நீ இங்க நிக்கற, ஆனா நிக்கலன்னு அர்த்தம். மேலிடத்துல யோசிச்சு எடுத்த முடிவு, நாம என்னத்தச் சொல்றது.

திகில் திலகம், பேய்க்கதைப் பேரரசர், உயர்திரு இருள்நேசன் அவர்கள் செவப்பு.

இருள்நேசன்ங்கறது பேப்பர்ல போடற பேரு. அம்மா வச்ச பேரு முனியாண்டி. தேயிலை ஃபேக்டரியில கொழுந்து உருட்டற மெஷின்ல கெர்ஜா. வேலை முடிஞ்சு வந்தா, ஆளுங்க பேரு போடற பழைய செக்ரோல் பேப்பரத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல பேய்க்கதை எழுதுவாரு. கோலாலம்பூர்லேர்ந்து ஞாயித்துக்கெழம வர்ற தமிழ் பேப்பர்ல தொடர்கதையா வரும். வடிவம்மான்னு ஒரு கொழுந்து பறிக்கற பொம்பள. பள்ளத்துல விழுந்து செத்துட்டா. அதுலேர்ந்து பனி எறங்குனா போதும், கூடையோட வந்து நின்னு, "எனக்குப் பேரு போட்டாச்சா?"ன்னு கேப்பா. அன்னன்னிக்குப் பேரு போடலன்னா சம்பளம் போச்சுல்ல, எஸ்டேட்டு சனத்துக்கு இதவிட பயங்கரம் வேற என்ன இருக்கு?

ஆரம்பத்துல அவரு விவரமே போட மாட்டாரு. சும்மா 'ஒரு மலையில ஒரு பெண்'தான். ஒரு வாசகர் காரசாரமா கடுதாசி போட்டாரு. "எந்த எஸ்டேட்டு, எந்த லைனுன்னே போடல. திரிங்காப்புல இருக்கற நாங்க பயப்படணுமா, வேணாமா? தெளிவுபடுத்தவும்."

அதுலேர்ந்து முனியாண்டி தெளிவா போட்டாரு. வடிவம்மா பொறந்தது 1931 பிப்ரவரி மூணு, செவ்வாக்கெழம, அஞ்சாம் நம்பர் லைன், கடைசிக்கு ரெண்டாவது வீடு. அப்பா பேரு, அம்மா பேரு, மருத்துவச்சி வேலாயி, மருத்துவச்சியோட வீட்டு நம்பரு.

பிரிஞ்சாங்லேர்ந்து ஒரு பொண்ணு எழுதுச்சு. "பேய் இன்னும் வெள்ளைச் சீலையா? அசிங்கமா இருக்கு. பெல்பாட்டம் போடச் சொல்லுங்க."

முனியாண்டி மூணு நாளு சோறு எறங்காம யோசிச்சாரு. "காலே இல்லாததுக்கு பெல்பாட்டத்த எங்க மாட்டறது?"

அவரு சம்சாரம் நவமணி மீன் ஆஞ்சிக்கிட்டே சொல்லுச்சு. "இடுப்பு இருக்குல்ல, மாட்டி வுடுங்க. கீழ காத்துல ஆடட்டும்."

ஒம்போதாவது அத்தியாயத்துலேர்ந்து வடிவம்மா மஞ்ச பெல்பாட்டத்துல வந்தா. அந்தத் தீவாளிக்கு எஸ்டேட்டுல பாதிப் பேரு மஞ்ச பெல்பாட்டம். பேயப் பாத்து ஓடுன சனம் ஒண்ணு இல்ல. எந்தத் தையக்கடைன்னு கேட்ட சனம்தான்.

இப்படி ஓகோன்னு போயிட்டிருந்த காலத்துல, 1976ல, ஆபீஸ்லேர்ந்து ஒரு சூராட், அதான் கடுதாசி, வந்துச்சு. எஸ்டேட்டுக் கணக்கெழுதற கிராணி தோமஸ் கண்ணாடியத் தொடச்சிட்டுப் படிச்சாரு. "மூணு மாசத்துல நீல ஐசி காட்டணும். காட்டலன்னா கெர்ஜா இல்ல. கெர்ஜா இல்லன்னா லைன் வீடு இல்ல. இப்படிக்கு தங்கள் நலம் நாடும்."

"நான் இங்கதான ஐயா பொறந்தேன்?"

"எனக்குத் தெரியும் லா. பேப்பருக்குத் தெரியணுமே."

பேப்பரு இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. முனியாண்டியோட அம்மா கொழுந்து பறிக்கற எடத்துலயே பெத்துப்போட்டு, புள்ளையக் கூடையில வச்சுத் தூக்கிட்டு நேரா நிறுவை போடற எடத்துக்கு வந்துச்சு. அப்ப இருந்த கிராணி கடமை தவறாத மனுசன். கூடையத் தராசுல மாட்டி, கொழுந்து புக்குல எழுதிட்டாரு. பொறந்ததப் பதியணும்னு யாருக்கும் தோணல. அதான் எழுதியாச்சேன்னு விட்டுட்டாங்க.

அந்தப் புக்கத் தூக்கிட்டு முனியாண்டி டவுன்ல இருந்த ஐசி ஆபீசுக்குப் போனாரு. மேசைக்குப் பின்னால லியோனார்ட்னு ஒரு கிளார்க்கு. மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில மூணு பேனா.

"இது என்ன?"

"நான் பொறந்தது சார். இங்க பாருங்க. எட்டு ராத்தல், கூடைக்கு ஒண்ணு கழிவு, ஈரத்துக்கு ஒண்ணு கழிவு, நிகரம் ஆறு."

லியோனார்ட் ரொம்ப நேரம் பாத்தாரு. "இதுப்படி நீ கொழுந்து."

"சார்?"

"ஈரத்துக்கு வேற கழிச்சிருக்கு. கொழுந்துக்கு ஐசி குடுக்க ரூல் இல்ல முனியாண்டி."

"பொறந்தப்ப பாத்தவங்க யாரும் இப்ப இல்ல சார்."

"அச்சுல வந்த ஆதாரம் எதாச்சும் கொண்டா."

அச்சுன்னதும் முனியாண்டிக்கு உசிரு வந்துருச்சு. மறுவாரம் தன்னோட தொடர்கதை முழுக்க வெட்டி ஒட்டி, ஒரு கட்டா கொண்டுபோயி வச்சாரு. இத்தன வருசமா இங்கதான் இருக்கேன்னு காட்டலாம்ல?

லியோனார்ட் படிச்சாரு. படிச்சாரு, படிச்சிக்கிட்டே இருந்தாரு. வெளிய வரிசையில நின்னவங்க வீட்டுக்குப் போயி சாப்பிட்டு வந்துட்டாங்க. கடைசியில கைக்குட்டையால கண்ணத் தொடச்சாரு.

"யாரு இந்த இருள்நேசன்?"

"நான்தான் சார்."

"ஃபாரத்துல முனியாண்டின்னு இருக்கு. செல்லாது. ஆனா இந்த வடிவம்மா... ஆகா! தேதி இருக்கு, லைன் இருக்கு, மருத்துவச்சி அட்ரஸ் வரைக்கும் இருக்கு. பதினோரு வருச சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தமான கேச நான் பாத்ததில்ல."

"அது பேய் சார்!"

அதுக்குள்ள லியோனார்ட் ஒரு புது ஃபாரத்துல வடிவம்மா விவரத்த எழுதி முடிச்சிருந்தாரு. "ஃபாரம் ஃபுல்லா இருக்கா, இல்லையா?"

"செத்துப் போச்சு சார். நான்தான் சாவடிச்சேன். மூணாவது அத்தியாயம்."

லியோனார்ட் ஃபாரத்த முன்னயும் பின்னயும் பெரட்டிப் பாத்தாரு. "செத்த தேதி எழுத இதுல கட்டமே இல்ல லா. என் மேசைக்கு வந்த பேப்பர அனுப்பலன்னா எனக்கு மெமோ. போட்டோ?"

"பேய் எப்படி சார் போட்டோல விழும்?"

லியோனார்ட் ஒரு வெத்துப் போட்டோ தாள எடுத்து ஒட்டுனாரு. "நெத்தி மறைக்கல. காது மறைக்கல. சரியா இருக்கு."

ரெண்டு மாசத்துல எஸ்டேட்டு ஆபீசுக்கு ரெண்டு கவர் வந்துச்சு. முனியாண்டிக்கு வந்த கவர்ல, 'வருந்துகிறோம்.' வடிவம்மாவுக்கு வந்ததுல நீல ஐசி. பளபளன்னு, ஓரம் கூட மடங்காம.

கெடு முடிய நாலு நாளு. நவமணி சட்டி பானையக் கட்ட ஆரம்பிச்சிருச்சு. கட்டிக்கிட்டே ஒரு கேள்வி கேட்டுச்சு. "ஏங்க, ஆபீஸ்ல ஐசியப் பாப்பாங்களா, மூஞ்சியப் பாப்பாங்களா?"

இந்தக் கேள்விய கிராணி தோமஸ் எஸ்டேட்டு மேனேஜர் துரைகிட்ட கேட்டாரு. துரை தலைமை ஆபீசுக்கு எழுதுனாரு. தலைமை ஆபீஸ் ஆழ்ந்து பரிசீலிச்சுப் பதில் போட்டுச்சு. "ஐசி மட்டும்."

திங்கக்கெழம காலையில ஆளு கூப்பிடற பெரட்டுல தோமஸ் செக்ரோலப் பாத்துக் கூப்பிட்டாரு. "வடிவம்மா!"

முறுக்கு மீசைய ஒரு தடவை தடவிக்கிட்டு முனியாண்டி சொன்னாரு. "இருக்கேன் ஐயா."

பேரு போட்டாச்சு. லைன் வீடும் வடிவம்மா பேருக்கு மாறிடுச்சு. வீட்டுல தங்கியிருக்கறவங்க பட்டியல்ல முனியாண்டிய எப்படி எழுதறதுன்னு தோமஸுக்குக் கொழப்பம். 'விருந்தாளி'ன்னு எழுதிட்டாரு. நவமணிக்குச் சிரிப்பு தாங்கல. "ஏ வடிவு, தண்ணி புடிச்சிட்டு வாடி"ன்னு லைனே கேக்கக் கூப்பிடும்.

சேதி பரவுச்சு. அதுக்கப்புறம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா வாசல்ல கூட்டம். எல்லாம் செவப்பு ஐசி. காளியண்ணன் ஒரு முட்டக்கோஸத் தூக்கிட்டு வந்தான். "அண்ணே, என்னைய ஒரு அத்தியாயத்துல சாவடிச்சி வுடுங்கண்ணே. லோரி அடிச்ச மாதிரி வேணாம், பொண்டாட்டி பயப்படும். அட்ரஸு மட்டும் முழுசா இருக்கட்டும்."

பாஞ்சாலை குடும்பத்தோட வந்துச்சு. "எங்க நாலு பேரையும் ஒரே மண்சரிவுல போட்டுடுங்க. தனித்தனியா செத்தா ஃபைல் மாறிடும்."

முனியாண்டி ராவும் பகலும் எழுதுனாரு. எண்பத்திரெண்டு வர்றதுக்குள்ள லைனுல முக்காவாசிப் பேரு செத்துட்டாங்க. பெரட்டுல ஒரு ஆளு கொறையல. பிணங்க எல்லாம் டாண்ணு ஆறு மணிக்கு வந்து நின்னுச்சுங்க. இவ்வளவு ஒழுங்கான தொழிலாளிகள எங்கயும் கண்டதில்லன்னு தலைமை ஆபீஸ் துரைக்குப் பாராட்டுக் கடுதாசி போட்டுச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் வாசல்ல யாரோ செருமுனாங்க. மடிப்புக் கலையாத சட்டை, மூணு பேனா. லியோனார்ட்.

முனியாண்டி எழுதிட்டிருந்த பேப்பர மறைச்சாரு. "சார்... புடிச்சிட்டுப் போக வந்தீங்களா?"

லியோனார்ட் பின்னால திரும்பிப் பாத்தாரு. கதவச் சாத்துனாரு. சட்டைப் பையிலேர்ந்து ஒரு ஐசிய எடுத்து மேசையில வச்சாரு.

செவப்பு.

"பதினேழு வருசமா டெம்பரரி கிளார்க்கு லா"ன்னு சொல்லி முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "நானும் ரெண்டாம் நம்பர் லைன்ல பொறந்தவன்தான். எப்படிச் சாகறதுங்கறத உங்க இஷ்டத்துக்கு விட்டுடறேன். எழுத்து மட்டும் தெளிவா இருக்கணும். ஃபைல நான்தான் பாப்பேன், நான் ரொம்ப கண்டிப்பு."